பூட்டிய பெட்டி

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். விழுப்புரத்தில் ஒரு டிடிபி கடைக்கும் போவேன். கடைக்காரம்மா கணவரை இழந்தவர். அவரிடம் டைப் அடிக்க ஒரு பெண் வேலை பார்த்தார்.

அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தது. அதை எடுத்த பிறகும், "பாதுகாப்பு முடிந்துவிட்டது" என்ற சிவப்புக் கட்டம் வந்துகொண்டே இருந்தது.

"பேஜாரா கீது தம்பி. மொத்தமா எடுத்துடு" என்றார் கடைக்காரம்மா.

மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். ஒரு ஃபோல்டர் மட்டும் அழிய மறுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அழிய மறுப்பதையும் அழிக்க விடும் சேஃப் மோடில் போய் அதையும் அழித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை கடைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அவர் குரல் எல்லாம் காணோமே!"

அவருடைய கணவர் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் போகும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தவர். திருவக்கரைக் கோயில் பௌர்ணமி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று அவர் பேசிய பதிவுகள் எல்லாவற்றையும், யார் கையும் படக்கூடாதென்று, அந்த ஆன்டிவைரஸ் கொடுத்த 'பூட்டுப் பெட்டி' என்ற ஃபோல்டருக்குள் அந்தம்மா வைத்திருந்தார். நான் அழித்தது அதைத்தான். கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"உடனே கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்க, நான் வர்றேன்" என்று சொல்லியிருந்தால் மீட்டிருக்க முடியும். அப்படிச் சொன்னால் தவறு என்னுடையது என்றாகிவிடும்.

"இது வைரஸோட வேலை அக்கா. யாராச்சும் பென் டிரைவ் போட்டிருப்பாங்க" என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் பிரிண்டர் பார்க்கப் போனபோது டைப் அடிக்கும் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது.

"அவளை நிறுத்திட்டேன். அவதான் அன்னிக்கு பென் டிரைவ் போட்டா. தன்னால இல்லவே இல்லைன்னு அழுதா. எனக்கு மனசு ஆறல தம்பி."

நான் குனிந்து பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பிறகு திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நகலெடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"வேலை போனது போவட்டுங்க அண்ணா. எங்க வீட்டுலயே, நீதான் ஏதோ பண்ணிட்டு மறைக்கிறேன்னு சொன்னாங்க. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் தெரியாம பண்ணிட்டேனோன்னு."

அங்கிருந்து நேராக விழுப்புரம் பஸ் ஏறினேன். கடைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்போ எடுக்க முடியுமா?"

"முடியாதுக்கா. அழிஞ்ச இடத்து மேல வேற ஃபைல் நிறைய எழுதிடுச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"அன்னிக்கு நீ வைரஸ்னு சொன்ன." அவர் குரல் உயரவில்லை. "நான் அந்தப் பொண்ணை வெளிய அனுப்பினேன்."

என் எதிரிலேயே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். "நான் தப்பு பண்ணிட்டேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவில்லை என்று மட்டும் தெரியும்.

என்னையும் அந்தம்மா பிறகு கூப்பிடவில்லை. விளம்பர ஆட்டோ வைத்திருப்பவர்களை எங்கே பார்த்தாலும் நிறுத்தி, அந்தம்மாவின் கணவர் பேசிய பதிவு ஏதாவது பென் டிரைவில் இருக்கிறதா என்று கேட்கிறேன். இதுவரை யாரிடமும் கிடைக்கவில்லை.