பூட்டில்லாத ஃபிளாப்பி

ஜெயசீலன் சார் போயிட்டாராம். இப்பத்தான் தம்பி போன் பண்ணிச் சொன்னான். ஹார்ட் அட்டாக்...

இங்கே பல பேருக்கு அவரைத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிக்கிறவங்களுக்காக, தொண்ணூறுகள்ல ராஜபாளையத்துல உட்கார்ந்து தனியா ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் எழுதினவர். எழுத்தெல்லாம் அவரே வரைஞ்சது. 'ணை'க்கு மட்டும் ஒரு வாரம் ஆச்சுன்னு சொல்வார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல நான் டிடிபி சென்டர் வெச்சிருந்தேன். அவர்கிட்ட வாங்கின மூணாவதோ நாலாவதோ ஆள் நான்.

சாஃப்ட்வேரோட ஒரு கீ ஃபிளாப்பி குடுப்பார். அதுல ஒரு இடத்தை ஊசியால வேணும்னே கீறியிருப்பார். அது டிரைவ்ல இருந்தாத்தான் சாஃப்ட்வேர் திறக்கும். காப்பி போட்டா அந்தக் கீறல் வராது... திறக்காது. அதுதான் பூட்டு.

ஒருநாள் அது கெட்டுப்போச்சு. ஸ்பீக்கர் மேல வெச்சிருந்தேன். முகூர்த்த சீசன், டேபிள் நிறைய ஆர்டர். பதறிப்போய் போன் போட்டேன். அடுத்த பஸ்லயே புது ஃபிளாப்பியோட வந்து நின்னார்.

"ஏம்மா, ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்குல்லா? அது மேலயா வைப்பாக?"

அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை. திரும்ப பஸ் ஏறிட்டார்.

அதுக்கப்புறம் எனக்குப் பயம். மறுபடி கெட்டா? மதுரையில ஒருத்தரைப் பிடிச்சு, பூட்டை உடைச்சு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம்... மம்சாபுரத்துல புதுசா கடை போட்ட தம்பிக்கும் ஒண்ணு குடுத்தேன்.

ஏழெட்டு மாசம் கழிச்சு சார் கடைக்கு வந்தார். மூணு நோட்டீஸை டேபிள்ல வரிசையா வெச்சார். மம்சாபுரம், சுந்தரபாண்டியம், தேவதானம். சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து நீட்டினார்.

அவர் சாஃப்ட்வேர்ல எதை அடிச்சாலும் அடியில ஒரு மெல்லிசுக் கோடு வரும். அத்தனை நாளும் அதைக் கோடுன்னே நினைச்சிருந்தேன். லென்ஸ்ல பார்த்தா எழுத்து. மூணு நோட்டீஸ்லயும் என் கடைப் பேர். எனக்குக் குடுத்த சாஃப்ட்வேர்ல அவர் பதிச்சு வெச்சிருந்தது.

"யாருக்கும்மா குடுத்தீக?"

"தம்பிக்கு மட்டும்தான் சார்."

"தம்பி யாருக்குக் குடுத்தாரு?"

எனக்குத் தெரியலை. நிஜமாவே தெரியலை.

கத்துவார்னு நினைச்சேன். நோட்டீஸை மடிச்சுக்கிட்டே, "நாலு மாசமா சாஃப்ட்வேர் வேணும்னு கேட்டு ஒரு ஆளும் வரலைம்மா"ன்னார்.

அந்த வருஷமே சாஃப்ட்வேரை விட்டுட்டு ஒரு மில்லுல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டார்.

வேலைல சேர்றதுக்கு முன்னாடி, வாங்கின அத்தனை பேர் கடைக்கும் நேர்ல போனார். என் கடைக்கும் வந்தார். ஒரு ஃபிளாப்பி குடுத்தார். பூட்டு இல்லாத காப்பி.

"இனிமே கெட்டுப்போனா புதுசு குடுக்க நான் இருக்க மாட்டேன்லா. அதான்."

"எங்கிட்டதான் இருக்கே சார்..." வாய் தவறி வந்துடுச்சு.

"அது நீங்க உடைச்சு எடுத்தது. இது நான் குடுக்கது."

மன்னிப்புக் கேட்டேனான்னு இப்ப யோசிச்சுப் பார்க்கிறேன். கேட்கலை. தண்ணி குடிக்கிறீகளான்னுதான் கேட்டேன். குடிச்சுட்டுப் போனார்.

அப்புறம் ரெண்டு மூணு தடவை பஸ் ஸ்டாண்டுல பார்த்திருக்கேன். கடை எப்படிம்மா போகுதுன்னு கேட்பார். நல்லாப் போகுது சார்னு சொல்வேன்.

நாளைக்குக் காலைல ராஜபாளையத்துல அடக்கம். தம்பியும் நானும் போறோம்.

வாரோம் சார்...