சிவக்காத மஞ்சள்

மஞ்சளைப் பற்றி ஷெவந்தாவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. சாங்லிக்குப் பக்கத்தில் ஹரிபூரில், மஞ்சளை மண்ணுக்கடியில் குழியில் கொட்டி மூடி வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். உள்ளங்கை மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போனதில்லை. பொறாமையும் அப்படித்தான். பக்கத்து வீட்டு எருமை கூடுதலாகக் கறந்தால் இவளுக்கு அன்றைக்குச் சோள ரொட்டி இறங்காது.

மார்பில் கட்டி வந்து, நான் ஆயாவாக இருந்த புற்றுநோய் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த கட்டிலில் மந்தாகினி, பள்ளிக்கூட டீச்சர், அதே நோய். வழக்கமான ஊசியோடு சேர்த்து இருவரிடமும் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். ஒருத்தியின் கேப்சூலில் மஞ்சளிலிருந்து எடுத்த சத்து, இன்னொருத்தியுடையதில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"மஞ்சளை என்கிட்டயே மறைக்கிறாங்களாக்கும்!" என்றாள் ஷெவந்தா.

புகையிலைக்காக நர்ஸுக்குத் தெரியாமல் சுண்ணாம்பு டப்பா வைத்திருந்தாள். மத்தியானம் மந்தாகினி கண் அசந்த நேரம், இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு கேப்சூலைப் பிரித்துச் சுண்ணாம்பில் குழைத்தாள். மந்தாகினியுடையது குங்குமமாகச் சிவந்தது. இவளுடையது மஞ்சளாகவே கிடந்தது.

படித்தவளுக்கு மருந்து, மஞ்சள் குழியில் இறங்கினவளுக்கு மாவா? பெட்டியில் பேர் ஒட்டியிருந்ததால், உள்ளே இருந்ததைக் கொட்டி மாற்றிப் போட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அப்போதே தெரிந்திருந்தால் டப்பாவோடு அவளையும் வெளியே எறிந்திருப்பேன்.

சில வாரம் போனது. மந்தாகினி தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாள். ஷெவந்தாவுக்குக் கஞ்சிகூட நிற்கவில்லை.

"அவளுக்கு மட்டும் எப்படி இறங்குது ஆயாம்மா? கண்ணு போட்டாலும் பலிக்க மாட்டேங்குதே!"

"உன் வாந்தியைத் துடைக்கிறவ நான். என்னைப் பார்த்துப் பொறாமைப்படேன்" என்றேன்.

ஒருநாள் சின்ன டாக்டரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "ஐயா, அந்த மருந்துல சுண்ணாம்பு பட்டா சிவக்குமா?"

அவர் சிரித்தார். "சிவக்காதும்மா. வெறும் மஞ்சளைச் சாப்பிட்டா ரத்தத்துல அவ்வளவா சேராது. அதனால கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உறையில பொதிஞ்சு அனுப்புறோம். சுண்ணாம்புக்கு அது எட்டாது. மாவுலதான் நிறத்துக்கு ஒரு சிட்டிகை வீட்டு மஞ்சள். அது சிவக்கும்."

ஷெவந்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. நிஜ மருந்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள்!

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் மந்தாகினியின் பெட்டியை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள்.

"என்ன ஷெவந்தா, மறுபடியுமா?"

மந்தாகினி கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"அன்னைக்கே பார்த்தேன். செவந்தது என்னோடது, அதானே நல்லது? உனக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க. எனக்கு யாரு இருக்கா? எடுத்துக்கட்டும்னு பேசாம படுத்துக்கிட்டேன். ஏன், அதுவும் தீர்ந்துடுச்சா? இதையும் எடுத்துக்கோ."

ஷெவந்தா பெட்டியை மூடினாள். எழுந்து போய் மந்தாகினியின் தலைமாட்டில் வைத்தாள்.

"உங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுதுக்கா" என்றாள்.

கேலி என்று நினைத்து மந்தாகினி சிரித்தாள்.