முதல் ஆளை விட்டுக்கொடுத்த அறை

இரண்டாயிரங்களின் நடுவில் வளைகுடாவில் நான் இருந்த முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் ஓர் அறைக்கு எட்டுக் கட்டில். கால்பந்துப் போட்டிக்கு அறைதான் அணி. ஊரிலிருந்து புது ஆட்கள் வந்தால், கட்டில் காலியாக உள்ள அறைகள் முறைபோட்டு அவர்களை எடுத்துக்கொள்ளலாம். போன போட்டியில் கடைசியாக வந்த அறைக்கு முதல் முறை. எங்கள் அறை மூன்று வருடமாகக் கடைசி; இந்தத் தடவை இரண்டு கட்டில் காலி. கேப்டன் நான். இரண்டு மாதத்தில் விசா கேன்சலாகி ஊர் திரும்ப வேண்டியவன். ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும் என்று எனக்கு வெறி. சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் வெறிதான்.

விடுமுறை நாளான ஒரு வெள்ளிக்கிழமை, புதியவர்களைக் கேம்ப்புக்குப் பின்னாலிருந்த மணலில் ஆடவிட்டுப் பார்த்தோம். குமரிக் கடற்கரையிலிருந்து வெல்டராக வந்த ஒருவன் வெறுங்காலோடு நடுவில் நின்று, தலையைக்கூடத் திருப்பாமல் ஆளுக்கு ஆள் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஓடினார்கள், அவன் ஆடினான். இவன் நமக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எதிர் அறைக் கேப்டன் வந்து எங்கள் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மொத முறைய எங்களுக்கு விட்டுருங்க. ரெண்டாவது எங்களது, மூணாவதையும் பேசி வாங்கிட்டோம், ரெண்டையும் நீங்க எடுத்துக்கங்க. அதுல ஒருத்தன் கல்யாண வீட்டுல சமைச்சவன்."

கடைசி வார்த்தையில்தான் இருந்தது விஷமம். எங்கள் மெஸ்ஸில் வாரத்துக்கு ஒருவர் சமைப்போம். அந்த வாரம் எங்கள் கோல்கீப்பரின் முறை. ராமநாதபுரத்துக்காரர், கிரேன் ஓட்டுபவர். மூன்றாவது நாளாகப் பருப்பைத் தீய விட்டிருந்தார். அவரே வரிந்துகட்டிக்கொண்டு பேசினார்.

"ஒத்த ஆள வச்சு கப்பா வாங்கப்போறோம்? பின்னாடி நிக்க ஆளில்லாமத்தான் கோலா வாங்குறோம். ரெண்டு பேரு வந்தா ஆட்டமும் ஆச்சு, சோறும் ஆச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு!"

நடுவில் பந்தைப் பிடித்து வைக்க ஆளில்லாதபோது பின்னால் பத்துப் பேர் நின்றும் பயனில்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். யார் கேட்டார்கள்? சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார்கள். ஆறு பேரில் மூன்று பேர் தூக்கினார்கள், இரண்டு பேர் தூக்கவில்லை. என் கை கீழேயே இருந்தால் சரிக்குச் சரி. அப்படியானால் கேப்டன் சொல்வதுதான் முடிவு. எதிரே தட்டில் அந்தக் கருகல் பருப்பு. பத்து மணி நேர டூட்டி முடித்து வந்த பசி. என் கையும் மேலே போனது. அந்தக் கையை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

சமையல்காரர் பின்வரிசையில் நின்றார். நன்றாகவே நின்றார், அசையவேயில்லை. இன்னொருவருக்கு ஆட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைதோறும் ஓவர்டைம், ஆடவே வரவில்லை. கடைசி ஆட்டம் எதிர் அறையோடு வந்தது. அந்த வெல்டர் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டான். நாலு கோல். மறுபடியும் மண்ணைக் கவ்வினோம்.

அன்று மத்தியானம் அறையில் மீன்குழம்பு. எனக்கு வழியனுப்பு விருந்தாம். வாசனைக்கு வந்தவர்களில் அந்த வெல்டரும் இருந்தான். என் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னைக்கு ஒங்க மொகத்தப் பாத்தப்ப, நீங்கதான் என்ன எடுப்பியன்னு நெனச்சேன். ஏன் விட்டிய?"

வாய் நிறையச் சோறு இருந்தது. குழம்பு அவ்வளவு ருசி. சமையல்காரரிடம் இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினேன்.