அக்கா இருந்த மலை

அடி அண்ணாமலை அகதி முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழரை என் அக்கா காதலித்துக் கட்டிக்கொண்டாள். பிறகு அவரோடு கண்டிப் பக்கம் குடிபோனாள். அங்கே புயல் மழையில் மலை சரிந்ததாகச் செய்தி வந்த அன்றே அவளுடைய போன் நின்றுவிட்டது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் அவள் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தேன்.

"அது வேற நாடும்மா, நாம நேரா கேக்க முடியாது. மேல அனுப்புறேன்," என்றார் அங்கிருந்த அலுவலர்.

மீனவர் விஷயத்தில் எப்போதும் முறைத்துக்கொள்ளும் இரண்டு நாடுகள். ஒரு பெண்ணுக்காக யார் யாரிடம் பேசப்போகிறார்கள்? அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நான்காம் நாள் காலை, தெரியாத எண்ணிலிருந்து அக்கா பேசினாள்.

"நம்ம நாட்டு ஹெலிகாப்டர் வந்துச்சுடி. இந்த ஊர் ஆர்மிக்காரர்தான் உள்ள உக்காந்து வழி காட்னாரு. கயிறு கட்டித் தூக்கிட்டாங்க."

"மாமா எங்கக்கா?"

அவளைச் சுற்றி ஆட்கள் சிங்களத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாட்டுக்காரங்களும் சேந்து தோண்டிட்டுதான் இருக்காங்க," என்றாள்.

இரண்டு நாள் கழித்து மாமாவின் உடலை எடுத்தார்கள். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, போக முடியவில்லை. அக்கா வீடியோ காலில் போனைப் பிடித்துக் காட்டினாள். அவள் அதைக் கீழே சாய்த்துப் பிடித்திருந்ததில் எனக்கு ஈர மண்ணும் சில பூட்ஸ் கால்களும் மட்டுமே தெரிந்தன.