ஆட்டு விலாவ நிக்க வச்ச கம்பி ஸ்டாண்ட்

அடுப்படியில நிக்கிறவளுக்கு வெக்கை மட்டுந்தான். கரி போட்டுச் சுடுற கரியடியில நிக்கிறவளுக்கு வெக்கை, புகை, அதோட ஆக்கள்ட வாய். என்ன மாதிரிக் கண்ணக் கசக்கிக்கிட்டு நெருப்புக்கு முன்னால நிண்டவங்களுக்கு இது வெளங்கும். மத்தவங்க கொஞ்சம் தள்ளி நிண்டு கேளுங்க.

நான் நிண்ட கரியடி கல்பிட்டிக் கண்டக்குழிக் கடக்கரையில. சண்ட முடிஞ்ச பொறகு, பெரிய பட்டத்த இடுப்புல கொளுவிக்கிட்டு அலைக்கு மேலால ஓடுற வெள்ளக்காரங்க எங்கட பக்கம் வரத் தொடங்கினாங்க. என்ட தங்கச்சிட மகன் நியாஸ், அவன்ட வாப்பாட தென்னந்தோட்டத்துல அவங்க தங்க நாலு ஓலைக் கபானா கட்டினான். "பெரியும்மா, நீங்க வந்து சமையலப் பாருங்க" எண்டான். போனன். ஏழு பேரப்புள்ளைகளக் கண்டவ வீட்ட குந்தி இரிக்கலாந்தானே எண்டு ஊர் சொல்லிச்சு. குந்தி இரிந்தா எனக்குக் கால் வீங்கும். அது எங்கட உம்மாட வழி வந்த வீக்கம், அவ எம்பது வயசிலயும் கிணத்தடிக்கு நடந்தவ... அத விடுங்க. அந்தக் கரியடி ஒருக்கா என்ட கைய விட்டுப் போகப் பாத்திச்சு. போகாம நிண்டதுக்குக் காரணம் ஒரு கம்பி ஸ்டாண்டும் ஒரு உடப்பு ஊர்க்காரியும். அதத்தான் சொல்ல வாறன்.

பீங்கான் காஞ்ச ஸ்டாண்ட்

கரியில சுடுற அந்த மூடி வச்ச அடுப்ப, கபானாவ மூடிட்டுப் போன வேற ஒரு ஆள்ட்ட இருந்து நியாஸ் வாங்கிட்டு வந்தான். அதுக்குள்ள ஒரு கம்பி ஸ்டாண்ட் கெடந்திச்சு. ஏழு வளையம், வளையத்துக்கு வளையம் நாலு விரல் இடைவெளி. அல்லாஹ் தந்த சாமான் எண்டு கழுவி எடுத்து, பீங்கான் காய வைக்கிறதுக்கு வச்சுக்கிட்டன். மூணு மாசம். என்ன அருமையாக் காஞ்சிச்சு தெரியுமா? ஒரு பீங்கானும் சரிஞ்சு விழல்ல, ஒண்டும் உடையல்ல.

ஒரு நாள் தென்னம்பிள்ள மாதிரி ஒரு வெள்ளக்காரன் குசினிக்குள்ள தண்ணி கேட்டு வந்தான். ஸ்டாண்டக் கண்டான், சிரிச்சான். பொறகு பீங்கான ஒவ்வொண்டா எடுத்து, தொடச்சு, மேசையில அடுக்கினான். அவனப் பெத்தவ நல்லா வளத்திருக்கா, அத நான் அப்பவே சொன்னன். ஸ்டாண்டக் கொண்டு போய்க் கரி அடுப்புக்குள்ள வச்சு, என்ட ரெண்டு ரொட்டிய எடுத்து வளையத்துக்குள்ள நிக்க வச்சுக் காட்டினான். விலாவப் படுக்கப் போட்டா அடுப்புல நாலுதான் கொள்ளும், நிக்க வச்சா ஆறு கொள்ளும், பக்கத்துல இன்னொரு ஸ்டாண்டுக்கும் இடம் இரிக்கும். நியாஸ் நடுவுல நிண்டு தமிழ்ல சொன்னான். கடைசியா அந்த மனுசன் சொன்னத இண்டைக்கும் நான் மறக்கல்ல: "அம்மா, இது பீங்கானுக்கு இல்ல. விலா எலும்பு குந்துற கதிரை."

வெட்டுற கை

ஸ்டாண்ட் இரிக்கு, நிக்க வைக்க விலா வேணுமே. எங்கட ஊர்ல விலா எண்டா கறிக்கு. துண்டு துண்டா வெட்டித்தான் எல்லாரும் வாங்குற. கல்பிட்டியில இறைச்சிக் கடை வச்சிருக்கிற ஹனீபாட்ட போய், "வெட்டாம முழுசாத் தா தம்பி" எண்டன். "ஓம் ராத்தா" எண்டு சொல்லிக்கிட்டே கத்திய எடுத்தான். டக் டக் டக். வாய் ஓம் சொல்லுது, கை வெட்டுது! அடுத்த கிழமையும் அப்புடித்தான். அவன்ட உம்மாவும் நானும் ஓதப்பள்ளியில ஒண்டா ஓதினவங்க. லெப்பை ஒரு வரி சொல்லி முடிக்க முந்தி அவ அடுத்த வரிக்குப் போயிடுவா. அந்த அவசர அவதிதான் மகன்ட கையிலயும்.

மூணாம் தரம் நான் கடைக்குள்ளயே ஏறி, விலாவ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டன். வெட்டுறதெண்டா என்ட விரலோட வெட்டு எண்டன். கடையில நிண்டவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. ஹனீபா கத்திய வச்சுட்டு, முழு விலாவ மெதுவா, புதுப் புடவைய மடிக்கிற மாதிரித் தாள்ல சுத்தித் தந்தான். அதுக்குப் பொறகு ஒரு நாளும் பிசகினதில்ல. ஆடு வண்ணாத்திவில்லுல இருந்து வந்தா எனக்கெண்டு முதல்லயே எடுத்து வச்சிடுவான். ஆனா அண்டைக்குத் தரக்குள்ள சொன்னது இது: "இருவது வருசமா வெட்டுறன் ராத்தா, வெட்டாம ஒரு விலா என்ட கடைய விட்டுப் போறது இதுதான் முதல்."

ஆறு இடத்துல எட்டு

எனக்கு ஒரு கெட்ட குணம், இடம் இரிந்தா நெரப்பணும். பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல நாலு பேர இருத்துற ஆள் நான். ஆறு விலா கொள்ளுற ஸ்டாண்டுல எட்டுச் செருகினன். அதோட, புகை கூட வரட்டும் எண்டு கரிக்கு மேல தேங்காய்ப் பொச்சு மட்டையப் போட்டன். புகை வந்திச்சு, அப்பா! அங்கால உச்சமுனைத் தீவுல இரிக்கிறவனும் இருமியிருப்பான்.

வெளியில பாத்தா நல்ல செவப்பு. மேசையில வெள்ளக்காரி ஒருத்தி வெட்டினா, நடு விலாவுல ரத்தம். ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு நிண்டா வெக்கை எங்கால போற? வெந்ததும் பொச்சுப் புகையில கசந்து போச்சு. அந்தப் பொம்புள விலாவத் தள்ளி வச்சிட்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டு எழும்பிட்டா. அதுதான் எனக்குச் சுட்டிச்சு. நியாஸ் எல்லாரும் போகும் வரைக்கும் பாத்திருந்து, என்ட முகத்தப் பாக்காம சொன்னான்: "பெரியும்மா, வாற மாசம் பதினாறு பேர் ஒரே கூட்டமா வாறாங்க, விலாதான் கேட்டிருக்காங்க. அதுவும் இப்புடி ஆனா நான் கொழும்பிலருந்து ஒரு சமையல் குக்க எடுப்பன், நீங்க ரொட்டிப் பக்கம் போங்க."

சுனிலிட அளவு

பன்னெண்டு விலாவாவது வேணும், ஸ்டாண்ட் ஒண்டுதான். பாலாவியில வெல்டிங் செய்ற சுனில்ட்ட போனன். நெருப்புல வைக்கிற ஸ்டாண்ட் எண்டதும், நான் கொண்டு போன நாகப் பூச்சுக் கம்பியத் தள்ளி வச்சிட்டான். அந்தப் பூச்சு நெருப்புல பட்டா நஞ்சாம். பூச்சில்லாத துருப்புடிக்காத கம்பி தேடிப் புத்தளம் டவுனுக்கே போய் வந்தான். அதுல என்னத்த வைக்கிற எண்டு கேட்டான், சொன்னன். "விலா எவ்வளவு தடிப்பு?" எண்டான். நான் கையால காட்டினன். அது பத்தாது எண்டு, ஹனீபாட கடைக்கு என்னோட வந்து, தொங்குற ஆட்டையே நூல் புடிச்சு அளந்தான்! ஹனீபா பயந்து போனான், சுகாதாரப் பரிசோதகர் எண்டு நெனச்சு.

ஒவ்வொரு வளையத்தயும் தேச்சுத் தேச்சு, கை கிழியாத மாதிரி வழுவழுப்பாக்கித் தந்தான். நான் நல்லா இரிக்கு மகன் எண்டன். அவன் இன்னும் ஒருக்காத் தடவிப் பாத்துட்டுச் சொன்னான்: "அம்மே, என்ட வீட்டு கேட்டுக்குக் கூட நான் இப்புடிப் பாத்ததில்ல."

ருசி பாக்க ஆளில்லாத நாள்

இப்ப செல்வராணியச் சொல்லணும். குசினியில என்னோட நிண்டவ, உடப்பு ஊர். சின்னதுல இருந்து கருவாட்டுக்கு உப்புப் போட்ட கை. ஒரு மீனத் தூக்கிப் பாத்தாளெண்டா இதுக்கு இவ்வளவு உப்பு எண்டு அள்ளுவா, தராசு தோத்துப் போகும். அவட புருசனும் மவுத்தாப் போன என்ட புருசனும் உப்பளத்துல ஒண்டா வேல செஞ்ச ஆக்கள். அதனால அவ என்ன "அக்கா" எண்டுதான் கூப்பிடுவா.

அந்தப் பதினாறு பேரும் வந்த மாசம், பாருங்க, எங்கட நோன்பு. அதே நேரம் செல்வராணிக்கு ஆடி விரதம், கோயில்ல தீ மிதிக்க நேந்திருந்தா. நான் பகல்ல ஒண்டும் வாயில வைக்க ஏலா. அவ இறைச்சியத் தொடவே மாட்டா. நியாஸும் நோன்பு. நான் ஒரு கணக்குப் போட்டிருந்தன்: சாப்பாடு ராவைக்குத்தானே, பொழுது பட்டு மஃரிபுக்கு நோன்பு துறந்திட்டு ருசி பாத்து, குறைஞ்சா மேலால ஒரு சாறு ஊத்திச் சமாளிப்பம் எண்டு.

காலையில பப்பாசிக்காய், மிளகு, கறுவா, கொறுக்காப் புளி எல்லாம் அரச்சன். உப்புக்குச் செல்வராணிய நிக்க வச்சன். அவ தள்ளி நிண்டு ஒவ்வொரு விலாவாப் பாத்து, கோப்பையில உப்ப அள்ளி வச்சா, நான் தடவினன். கரிய ரெண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவுல தண்ணித் தட்டு வச்சு, மேல ரெண்டு ஸ்டாண்ட். ஆறும் ஆறும் பன்னெண்டு, பள்ளியில தொழ வரிசையாச் சஃபு கட்டி நிக்கிற மாதிரி. பொச்சு இல்ல, கொய்யாக் கட்டை. காத்துக்குக் கிடுகு மறைப்பு. பாதி நேரத்துல ஒவ்வொண்டையும் எடுத்துத் தலகீழா மாத்தி, நடுவுல நிண்டத ஓரத்துக்கும் ஓரத்துல நிண்டத நடுவுக்கும் வச்சன். நான் அவதிப்பட்டு மூடியத் திறக்கப் போற நேரமெல்லாம் செல்வராணி ஒரு அதட்டு: "அக்கா, மூடுங்க! எலும்பு இன்னும் வெளிய வரல்ல." வெந்தா இறைச்சி சுருங்கி எலும்பு நுனி வெளிய தெரியும், அததான் அவ சொல்ற.

அஞ்சு மணிக்குக் காத்து விழுந்திட்டு. எங்கட கடல்ல அந்த மாசத்துல காத்து விழுறதே அதிசயம், அண்டைக்குப் பாத்து விழுந்திச்சு. பட்டம் எல்லாம் மணல்ல. நோன்பு துறக்க இன்னும் நேரம் இரிக்கக்குள்ளயே பதினாறு பேரும் பசியோட மேசைக்கு வந்திட்டாங்க. அந்த நேரத்துல நியாஸ் ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வாறான். கொழும்புக் குக். பாக்க வரச் சொல்லியிருந்தானாம், என்ட்ட சொல்லல்ல. நான் அந்தக் குக்குக்கு நேரப் போய் நிண்டன்.

"நீங்களாவது ருசி பாருங்க தம்பி" எண்டன். அவர் நெஞ்சுல கை வச்சுட்டு, "நானும் நோன்பு, உம்மா" எண்டார். நாலு பேர் விலாவச் சுத்தி நிக்கிறம், ஒருத்தருக்கும் நாக்கு இல்ல! செல்வராணி மட்டும் அசையல்ல. எட்டடி தள்ளி நிண்டே குனிஞ்சு பாத்தா. எலும்பு நுனி ஒவ்வொண்டும் நகத்தளவு வெளிய வந்திருந்திச்சு. "எடுங்க அக்கா, உப்பும் சரி" எண்டா. உப்புச் சரியெண்டு எப்புடித் தெரியும் எண்டு நான் கேக்கல்ல. தீ மிதிக்கப் போறவட்ட அப்புடிக் கேக்கலாமா? பிஸ்மி சொல்லி எடுத்தன்.

மேசையில சத்தம் இல்ல. அண்டைக்கு ரத்தம் வந்த நாளும் இப்புடித்தான் சத்தம் இல்லாம இரிந்திச்சு. பொறகு எட்டிப் பாத்தா, எல்லார்ட கையிலயும் எலும்பு, கதைக்க வாய் சும்மா இல்ல. ஒரு பொம்புள எலும்போடயே எழும்பி வந்து நியாஸ்ட்ட என்னமோ கேட்டா. "இதுல ஆர் ருசி பாத்த எண்டு கேக்கிறா" எண்டான். ஒருத்தரும் பாக்கல்ல எண்டு அவன் சொன்னதும், அவ எங்கள ஒவ்வொருத்தரா எண்ணிப் பாத்தா. கொழும்புக் குக் ஸ்டாண்டக் கையில எடுத்து, சுனில் தேச்ச வளையத்தத் தடவி, செல்வராணியப் பாத்து, என்னப் பாத்து, கடைசியா நியாஸப் பாத்துக் கேட்டார்: "ருசி பாக்காமலே இப்புடிச் செய்றவங்க ரெண்டு பேர வச்சுக்கிட்டு, என்ன எதுக்கு வாப்பா இவ்வளவு தூரம் கூப்பிட்ட?"

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், ஈத்தம்பழத்தக் கடிச்சுத் தண்ணியக் குடிச்சுட்டு, ஒண்டாவது மிஞ்சியிருக்குமா எண்டு ஓடிப் போய்ப் பாத்தா மேசையில வெறும் எலும்பு, ரெண்டு ஸ்டாண்டுலயும் வெறும் கம்பிதான் நிண்டிச்சு. என்ட கரியடிய எனக்கு மிச்சம் வச்ச அந்த விலா எப்புடி ருசிச்சிச்செண்டு இண்டை வரைக்கும் எனக்கும் தெரியாது, செல்வராணிக்கும் தெரியாது.