ஆந்தைக்குக் கொடுத்த கூலி

இங்கிலாந்தின் கார்ன்வால் மேட்டுநிலத்தில், சர்ச்சை விட்டுவிட்டு நிலாவைக் கும்பிடுகிறவர்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பவள் லவ்டே. மற்ற நாள்களில் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பாள். நிலாத் தாயின் வேலைக்குக் காசு வாங்கினால் பாவம் என்பது அவளுடைய பிடிவாதம். ஜனங்களுக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பவே பிடித்திருந்தது. கட்டிப்பிடித்து ஒரு ஜாம் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். வீட்டில் ஜாம் வைக்க இடமில்லை, ரொட்டிக்குத்தான் தட்டுப்பாடு.

அந்த வாரம் அவளுடைய வேனில் பிரேக் போய்விட்டது. மெக்கானிக் ஜாகோ சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

"இத ஓட்டுனா நேரா நிலாத் தாய்கிட்டதான் போய்ச் சேருவ. காசு கொண்டா, மாத்தித் தர்றேன்."

வேன் இல்லாமல் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. போகாவிட்டால் வேலையும் இல்லை.

சனிக்கிழமை ஒரு லண்டன் ஜோடிக்குக் கல்யாணம். லவ்டே பஸ் பிடித்துப் போனாள். மோதிரம் கொண்டுவர ஓர் ஆந்தையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

"இதுக்கு எவ்வளவு?" என்று சும்மாதான் கேட்டாள்.

"முந்நூறு பவுண்டு" என்றான் மாப்பிள்ளை ரூபர்ட், பெருமையாக. "உங்களுக்குத்தான் காசே ஆகாதாமே! ஜாம் வச்சிருக்கோம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சடங்குக் கத்தியால் எல்லோரையும் சுற்றித் தரையில் வட்டம் போட்டாள். போட்டவள் திறந்துவிடும்வரை யாரும் அதைத் தாண்டக் கூடாது. ஜோடியின் கைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி வாழ்த்தி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. லவ்டே வட்டத்தைத் திறக்காமல் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தொறந்து விடுங்கம்மா, நனையுறோம்ல!" என்றான் ரூபர்ட்.

"வட்டம் போட்டது தாய்க்கு. அது சும்மா. தொறக்குறதுக்கு, ஆந்தைக்குக் குடுத்தத எனக்கும் குடுங்க."

"அநியாயம்! இது வெறும் கோடுதானே?"

"அப்பத் தாண்டிப் போ ராசா. யாரு புடிச்சா?"

ரூபர்ட் காலைத் தூக்கினான். மணப்பெண் இமோஜென் வீறிட்டாள்.

"கால வெளிய வச்ச, இந்தக் கல்யாணம் அவ்வளவுதான்!"

தூக்கிய காலை மெல்ல உள்ளேயே வைத்தான். கை கட்டியிருந்ததால், அவன் பையிலிருந்து பணத்தை மாமனார்தான் உருவிக் கொடுத்தார்.

வேன் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, லவ்டேயோடு சேர்ந்து கும்பிடுகிற எண்டெலின் போனில் வெடித்தாள்.

"தாயவே வித்துட்டியேடி! அவ உன்ன மன்னிப்பாளா?"

லவ்டேக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

"தாய் மன்னிப்பாடி. ஆஸ்பத்திரிக்காரன் மன்னிக்க மாட்டான்."

எண்டெலின் குரலை இறக்கினாள்.

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். எங்கிட்டயும் கேப்பியா?"

"கேப்பேன்" என்றாள் லவ்டே.