வசந்தா மேடமும் அந்த நீல வெளிச்சமும்

வசந்தா மேடம் போய்விட்டார்.

காலையில் முள்ளிப்பட்டிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக். "எந்த வசந்தா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த வசந்தா ஒருவர்தான்.

ஆரணியில் எங்கள் காலேஜ் பிசிக்ஸ் டிபார்ட்மென்ட். பல வருஷம் பக்கத்து மேஜை. அவர் கட்டிய மிஷினைப் பற்றி நான் இங்கே அடிக்கடி புலம்பியிருக்கிறேன்... ஹெலிகான் பிளாஸ்மா சோர்ஸ்.

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி ஆண்டெனா, காந்தத்துக்குக் காயில்கள், உள்ளே கொஞ்சம் ஆர்கான் வாயு.

பவர் கொடுத்தால் முதலில் மங்கலாக ஒரு ஒளி. ஏற்றினால் திடீரென்று பளிச்சென்ற இளஞ்சிவப்பு. இன்னும் ஏற்றி, காந்தமும் சரியாக அமைந்தால் மூன்றாவது நிலை... குழாயின் நட்டநடுவில் நீலமாக ஒரு தூண். மெதுவாக வராது, ஒரே தாவல்.

"தேவிகாபுரம் பஸ்ஸு சார் இது. உறுமிகினே இருக்கும்... எறங்கிடலாமான்னு நெனைக்கசொல்லோ தாவும்" என்பார்.

எங்களுக்கு இரண்டாவதோடு நின்றுவிட்டது. பிரின்சிபாலுக்கு அந்த ரூம் கம்ப்யூட்டர் லேபுக்கு வேண்டும். "மாசக் கடைசிக்குள்ள அந்த நீலத்தைக் காட்டுங்க. இல்லன்னா மிஷினைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த அவசரத்திலும் அமாவாசைக்கு மேடம் ஸ்விட்சைப் போட விடவில்லை. "எங்க ஊட்ல அமாவாசைக்குத் தறியே ஓடாது. இது மட்டும் ஓடணுமா?"

"பிஎச்டி வாங்கினவங்க பேசுற பேச்சா மேடம் இது?" என்றேன். லேப் சாவியை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு கிளம்பியே போய்விட்டார்!

ஆயுத பூஜை முடிந்து மறுபடி ஓட்டினோம். மீட்டரில் முள் தாவியது. ஆனால் குழாயின் முனையில் இருந்த ஜன்னல் கண்ணாடி வழியாகக் கேமராவில் பார்த்தால், சுற்றிலும் சிவப்பு, நடுவில் கறுப்பு.

"முள்ளுதான் தாவிடுச்சே, வந்துடுச்சுன்னு சொல்லிடலாம் மேடம்" என்றேன்.

"நடுவுல இருட்டா இருக்கசொல்லோ எப்படி சார் வந்துடுச்சுன்னு சொல்றது? கண்ணால பார்க்காம நான் சொல்ல மாட்டேன்." ஆண்டெனாவை மாற்றினார், காயிலை நகர்த்தினார். கறுப்பு போகவில்லை. ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசி நாள். பிரின்சிபால் வந்துகொண்டிருப்பதாக ஆபீஸிலிருந்து போன். "விடுங்க சார், பேஜாரா போச்சு. நம்ம கேமராவையாச்சும் பத்திரமா எடுத்து வைப்போம்" என்று ஓடிக்கொண்டிருந்த மிஷினிலிருந்து கேமராவைக் கழற்றினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

"சார்... ஜல்தி வாங்க."

ஜன்னல் கண்ணாடியின் சரியான நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு அவரே வைத்த பொட்டு! பூஜை முடிந்து அதை ஒட்டியே கேமராவை மாட்டிவிட்டதால் அது எங்களுக்கு வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்திருக்கிறது.

முந்தானையால் அழுத்தித் துடைத்தார். உள்ளே... நீலம். அப்படி ஒரு நீலம்.

"ஐயோ, நானே கண்ணைக் கட்டிட்டேனே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

உள்ளே வந்த பிரின்சிபால் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "கம்ப்யூட்டரெல்லாம் மாடிக்குப் போகட்டும்" என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் மேடம் பொட்டு வைத்தார்... இரும்பு ஸ்டாண்டில். என்னைப் பார்த்து, "இன்னா சிரிப்பு?" என்று ஒரு அதட்டல் வேறு.

ரிட்டயர்ட் ஆன பிறகும் போன் செய்தால் முதல் கேள்வி, "நீலம் வருதா சார்?" போன வாரம்கூடக் கேட்டார். "ஜோரா வருது மேடம்" என்றேன்.

முள்ளிப்பட்டுக்குக் கிளம்புகிறேன். அதற்கு முன் லேபுக்குப் போய்வந்தேன். மாணவர்கள் மிஷினின் வேக்குவம் பம்ப்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நிறுத்தச் சொல்லிப் பூட்டிவிட்டேன்.

இன்று அமாவாசை இல்லை மேடம். ஆனாலும் மிஷின் ஓடவில்லை.

போய்ட்டு வாங்க.